வேண்டுதலா, வசவா?

கேள்வி: என் தங்கை போன வருடம் கணவரை விட்டுப் பிரிந்தாள். அடிதடி, குடி எதுவும் இல்லை. “ஒத்துவரவில்லை” என்பதுதான் அவள் சொன்ன காரணம். இப்போது வேறொருவருடன் வாழ்கிறாள். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஆனாலும் தினமும் அவளுக்காகக் கடவுளிடம் வேண்டுகிறேன். போன மாதம் போனில் பேசும்போது அதைச் சொன்னேன். “வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லி என்னைத் திட்டாதே அக்கா” என்று வைத்துவிட்டாள். பாசத்தில் செய்வது எப்படித் திட்டாகும்? நான் செய்வது கருணையா, தீர்ப்பா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தினமும் வேண்டுகிறேன் என்கிறீர்கள். என்ன வேண்டுகிறீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நானே ஊகிக்கிறேன்: “அவளுக்கு நல்ல புத்தியைக் கொடு.” சரிதானே?

பல வருடம் ஒரு பிரார்த்தனைக் குழுவில் விண்ணப்பச் சீட்டுகளைப் பிரித்து வாசிக்கும் வேலை எனக்கு. நோய்க்காக வேண்டச் சொல்லும் சீட்டுகள் ஒன்றரை வரியில் முடிந்துவிடும். பெயர், நோய், ஆபரேஷன் தேதி, அவ்வளவுதான். நல்ல புத்தி கேட்டு வரும் சீட்டுகள் அப்படி இல்லை. பின்பக்கமும் நிரம்பி, ஓரத்தில் பொடி எழுத்தாக ஏறி, சில சமயம் இன்னொரு தாளும் பின் அடித்து வரும். மருமகள் யாரிடம் என்ன பேசினாள், மகன் பணத்தை எங்கே தொலைத்தான், எல்லாம் தேதிவாரியாக இருக்கும். கடவுளுக்கே தெரியாதது போல! கடைசி வரியில் மட்டும் “இவளை ஆசீர்வதியும்” என்று முடியும். எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. மை கலைந்திருப்பதைப் பார்த்தால் அழுதுகொண்டே எழுதியது தெரியும். ஆனால் அந்தச் சீட்டு மருமகள் கையில் கிடைத்திருந்தால், மாமியார் தனக்காக உருகியிருக்கிறார் என்றா நினைத்திருப்பாள்?

யூதர்களின் சமய நூலான தல்மூதில் ஒரு கதை உண்டு. ரபி மேயிர் என்ற ஞானியை அக்கம்பக்கத்து முரடர்கள் படாதபாடு படுத்தினார்கள். பொறுக்க முடியாமல், அவர்கள் செத்துத் தொலையட்டும் என்று வேண்டத் தொடங்கினார். அவர் மனைவி பெருரியா தடுத்தார். ஒழிய வேண்டியது அவர்கள் செய்யும் அக்கிரமம்தான், ஆட்கள் இல்லை, அவர்கள் மனம் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள் என்றார். அவரும் அப்படியே வேண்ட, அவர்கள் திருந்தினார்கள் என்று கதை முடிகிறது.

இதைப் படித்ததும் “நானும் அதைத்தானே செய்கிறேன்” என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் நான் குறுக்கே வருகிறேன். அந்த முரடர்கள் இன்னொரு மனிதரை வதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் திருந்த வேண்டும் என்று கேட்பதில் தீர்ப்பு இருக்கத்தான் செய்கிறது, அதில் தப்பும் இல்லை. குடித்துவிட்டுப் பிள்ளைகளை அடிப்பவனுக்காக “இவன் கை அடங்க வேண்டும்” என்று வேண்டுவதைவிடப் பெரிய கருணை எது? உங்கள் தங்கை யாரையும் அடிக்கவில்லை. அவர் கணவருக்கு வலித்திருக்கும், மறுக்கவில்லை. அந்தக் கணக்கு அவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது. உங்களுக்கு இதில் நேர்ந்திருப்பது சம்மதமில்லாமை மட்டும்தான். நம் சம்மதமில்லாமையைப் போக்கச் சொல்லிக் கடவுளிடம் நிற்கும்போது, அடுத்தவர் பெயரில் நமக்கு நாமே வேண்டிக்கொள்கிறோம். தங்கைக்குத் திட்டாகக் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

பைபிளில் யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவனைத் தேடி மூன்று பேர் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களைப் போல நண்பர்கள் கிடையாது. வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், ஒத்துக்கொள், மனம் திரும்பு என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். எல்லாம் அவன் நன்மைக்காகவே! முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த மூவர் மீதுதான். உங்களுக்காக யோபு வேண்டுவான், போங்கள் என்கிறார். யாரைப் பாவி என்றார்களோ அவனுடைய வேண்டுதலால்தான் அவர்கள் தப்பிக்க வேண்டியிருந்தது.

அதனால் அம்மா, நீங்கள் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று. அடுத்த முறை போன் செய்யும்போது, உங்களுக்கு என்ன கஷ்டமோ, தூக்கமின்மையோ, பிள்ளையின் பரீட்சையோ, அதைச் சொல்லி “எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்ளடி” என்று தங்கையிடம் கேளுங்கள். கேட்கவே நாக்கு எழவில்லை என்றால், அவர் வேண்டுதலுக்கு மதிப்பில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். உங்கள் கேள்விக்குப் பதில் அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சம்மதமில்லாமையை விட்டுவிடச் சொல்லவில்லை. அது உங்கள் உரிமை, வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுதலுக்குள் கொண்டுவராதீர்கள். அவர் உடம்பு நன்றாக இருக்கட்டும், ராத்திரி பயமில்லாமல் தூங்கட்டும், கூட இருப்பவர் அவரை நல்லபடியாக நடத்தட்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம், தெரியும். அப்புறம், வேண்டுவதை அவரிடம் சொல்ல வேண்டாம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டு என்று இயேசு சொன்னது சும்மா இல்லை.

கேள்வி: கூட இருந்தே குழி பறித்த பார்ட்னருக்காக வேண்டச் சொல்கிறார்கள். வாயில் வார்த்தை வரவில்லை. நான் கல்நெஞ்சனா?
— ஒரு வாசகர்

பதில்: இல்லை. வரிசைதான் மாறிப்போயிருக்கிறது. விசுத்திமக்கம் என்ற பௌத்த நூல், 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதியது, மைத்ரி தியானத்துக்கு, அதாவது எல்லாருக்கும் நலம் நினைக்கும் தியானத்துக்கு, படிப்படியாக வழி சொல்கிறது. முதலில் உனக்கு நலம் நினை. பிறகு நீ மதிப்பவருக்கு, பிறகு பிடிக்கவும் இல்லாத வெறுக்கவும் இல்லாத ஒருவருக்கு. பகையாளி கடைசியில்தான். அவனை நினைத்ததும் கோபம் வந்தால் திரும்பப் பழைய படிக்குப் போ என்கிறது. எதுவுமே பலிக்காவிட்டால் அவனுக்கு ஏதாவது ஒரு பொருளைக் கொடுத்துப் பார் என்றும் ஒரு யோசனை உண்டு. உங்கள் பார்ட்னர் ஏற்கெனவே நிறைய எடுத்துக்கொண்டுவிட்டதால் அந்தக் கடைசி யோசனையை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் கேஸ் போடுவதாக இருந்தால் போடுங்கள். அதற்கும் வேண்டுதலுக்கும் சண்டை கிடையாது.

கேள்வி: நான் நாத்திகன். என் அண்ணன் எனக்காக வேண்டுவதை நிறுத்தச் சொல்லலாமா?
— இன்னொரு வாசகர்

பதில்: வேண்டுவதை உங்களால் நிறுத்த முடியாது, அது அவர் மனசுக்குள் நடப்பது. உங்களிடம் அறிவிப்பதை நிறுத்தச் சொல்லலாம். அதையும் சாப்பாட்டு நேரத்தில், எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். தனியாகச் சொல்லுங்கள்.