அற்றிக்குக்குள்ள ரக்கூன் குட்டி போட்டிருக்கு, கூண்டுக்காரருக்குக் காசு குடுக்கலாமோ?

கேள்வி இதுதான். ரொறன்ரோ ஸ்காபரோவில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. ஏப்ரல் நடுப்பகுதியில இருந்து இரவில படுக்கையறைக்கு மேல அற்றிக்கில, அதுதான் சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில, ஆரோ நடக்கிற மாதிரித் தொம் தொம் எண்டு சத்தம், இப்ப ஒரு கிழமையாக் குருவி கத்திற மாதிரி இன்னொரு சத்தமும் கேக்குதாம். கூரை ஓரத்தின்ர அடிப்பக்கத்தை மூடுற சொஃபிற் பிஞ்சு தொங்குது. வந்து பாத்த ஒருத்தர், கூண்டு வைச்சுப் பிடிச்சு, வடக்கில தூரத்தில இருக்கிற பரி (Barrie) நகரத்துக்கு அங்கால காட்டுக்குள்ள கொண்டுபோய் விடுறன், 1,800 டொலர், பாதியை இண்டைக்கே தாங்கோ எண்டு கேட்டவராம். மாமி நப்தலின் உருண்டையை அள்ளி எறியச் சொல்லுறா, வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஏணி வைச்சு ஏறிப் பலகை அடிக்கப் போறார், டெக்கில ரக்கூன் மலம், வீட்டில ரெண்டு சின்னப் பிள்ளையள்.

தங்கச்சி, முதல்ல அந்த ஆளுக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ. அடுத்தது, உங்கட வீட்டுக்காரரை ஏணியில ஏற விடாதேங்கோ. மிச்சத்தை ஆறுதலாச் சொல்லுறன்.

அந்தக் குருவிச் சத்தம் குட்டியளின்ர சத்தம். ஒன்ராறியோவில ரக்கூன் பெரும்பாலும் மார்ச் கடைசியில இருந்து மே வரைக்கும் குட்டி போடும், மூண்டு தொடக்கம் அஞ்சு குட்டி. பிறக்கேக்க கண் திறந்திருக்காது, திறக்கவே மூண்டு கிழமை செல்லும், தாய்க்குப் பின்னால நடந்து வெளிய வாறதுக்கு எட்டுப் பத்துக் கிழமை வேணும். அதுவரைக்கும் அதுகள் அந்த இன்சுலேஷனுக்குள்ளயே தான் கிடக்கும். தாய் மட்டும் இரவில இறங்கிச் சாப்பாடு தேடிட்டு வரும்.

இப்ப யோசியுங்கோ, அந்த ஆள் கூண்டை வைக்கிறார், தாய் அகப்படுது, கொண்டுபோயிட்டார். குட்டியள் எங்க? உங்கட படுக்கைக்கு மேல. பால் இல்லாமல் ரெண்டு மூண்டு நாள் கத்தும், பிறகு கத்தாது, பிறகு மணக்கத் தொடங்கும், சீலிங்கில கறை இறங்கும், இலையான் வரும், அப்ப அதே ஆளுக்குப் போன் பண்ணுவீங்கள், அது வேற வேலை, அதுக்கு வேற காசு எண்டு சொல்லுவார். பலகை அடிச்சாலும் இதே கதைதான், ஆனா இன்னும் மோசம், வெளிய நிண்ட தாய் குட்டியிட்டப் போறதுக்கு உங்கட கூரையையே உரிச்சுப் போடும். நல்லா வளந்த ரக்கூன் பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும், அதின்ர முன்னங்கால் கை மாதிரி வேலை செய்யும், கூரைக்கு அடிக்கிற ஷிங்கிளும் மெல்லிய அலுமினியமும் அதுக்கு ஒரு தடையே இல்லை. பகலில சத்தம் இல்லை, வெளிய போயிட்டுது, அடைப்பம் எண்டு நினைச்சு அடைச்ச எத்தினையோ வீடுகளை நான் பாத்திருக்கிறன், பகலில அது உள்ள நித்திரை.

அடுத்தது அந்த "பரிக்கு அங்கால" கதை. இது எனக்குக் கோவம் வாற விசயம், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறன். ஒன்ராறியோவின்ர 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டில பிடிச்ச ரக்கூனைப் பிடிச்ச இடத்தில இருந்து 1 கிலோமீற்றருக்குள்ள விடவேணும், 24 மணித்தியாலத்துக்குள்ள விடவேணும். தூரத்தில கொண்டுபோய் விடுறது சட்டப்படி பிழை. ரேபீஸ் எண்ட விசர்நோயும் டிஸ்ரெம்பர் (distemper) எண்ட மிருக நோயும் ஊர் விட்டு ஊர் பரவக் கூடாது எண்டது இதுக்கு ஒரு பெரிய காரணம். 2015 டிசம்பரில ஹமில்ரனில ரக்கூன் ரேபீஸ் கண்டுபிடிச்சவை, அதை அடக்க அரசாங்கம் வருசக் கணக்கா தடுப்பு மருந்து வைச்ச தீனைக் காடு காடாப் போட்டது. இவர் என்னெண்டால் வான் வண்டியில ஏத்திக் கொண்டுபோய் விடுறாராம். விட்டாலும் தெரியாத இடத்தில சாப்பாடும் ஒதுங்க இடமும் தெரியாமல் கனக்கச் செத்துப் போகும். உங்கட ஓட்டை அப்பிடியே திறந்துதான் கிடக்கும், அடுத்த தெரு ரக்கூன் வந்து குடியேறும். அப்ப 1,800 டொலருக்கு உங்களுக்குக் கிடைச்சது என்ன?

இப்பிடியான ஆக்கள் சட்டையில ஒரு கார்ட் குத்திக்கொண்டு வருவினம், லைசன்ஸ் எண்டு காட்டுவினம். அதை வாங்கிப் பாருங்கோ, பெரும்பாலும் அது பூச்சி மருந்து அடிக்கிறதுக்கு எடுத்த லைசன்ஸ், கரப்பானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் உதவும். ரக்கூனுக்கு மருந்தோ விசமோ வைக்கிறது சட்டத்தில இடமே இல்லாத வேலை, ஆராவது அப்பிடிச் சொன்னால் கதவைச் சாத்துங்கோ. தமிழ் ஆள், எங்கட ஊர் ஆள், கோயிலில கண்ட முகம் எண்டு காசை எடுத்து நீட்டாதேங்கோ, எங்கட சனம் ஏமாறுறது அப்பிடித்தான். ஏற்கனவே வீட்டில வைச்சுக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பிடாதேங்கோ. ஒன்ராறியோ நுகர்வோர் சட்டப்படி 50 டொலருக்கு மேற்பட்ட அப்பிடியான ஒப்பந்தத்தை, எழுத்தில பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள்ள, காரணம் ஒண்டும் சொல்லாமல் ரத்துப் பண்ணலாம். ஈமெயிலில அனுப்புங்கோ, போனில சொல்லிப்போட்டு இருக்காதேங்கோ.

சரி, அப்ப என்ன செய்யிறது? தாய்க்கு எப்பவும் ஒரு இடம் மட்டும் இருக்காது, அக்கம் பக்கத்தில இன்னும் ரெண்டு மூண்டு பொந்து தெரிஞ்சு வைச்சிருக்கும். இந்த இடம் நிம்மதியில்லை எண்டு கண்டால் குட்டியளை ஒவ்வொண்டாக் கழுத்துத் தோலில கவ்விக்கொண்டு தானே போயிடும். நீங்கள் செய்யவேண்டியது அந்த நிம்மதியைக் கெடுக்கிறது. அற்றிக் கதவைக் கொஞ்சம் திறந்து, ஏறிப் போகாமல், ஒரு பளிச்செண்ட லைற்றை உள்ள வையுங்கோ, ரேடியோவில ஆக்கள் கதைக்கிற ஸ்ரேஷன் ஒண்டைப் போட்டு பகலும் இரவும் ஓட விடுங்கோ. வினாகிரியில துணியை நனைச்சும் கிட்ட வைக்கலாம். சில தாய் முதல் இரவே மாத்தும், சிலது நாலைஞ்சு நாள் எடுக்கும், மழை குளிர் எண்டால் இன்னும் பிந்தும். பொறுமை வேணும்.

இதுக்குப் பிறகு ஓட்டையில பேப்பரைக் கசக்கி இளக்கமா அடைஞ்சு விடுங்கோ. ரெண்டு மூண்டு இரவு பேப்பர் அசையாமல் இருந்து, குட்டிச் சத்தமும் கேக்காட்டில், போயிட்டுது எண்டு எடுக்கலாம்.

ஒருவழிக் கதவு, அதுதான் வெளிய போகலாம் திரும்ப உள்ள வரேலாது எண்ட கம்பிக் கதவு, அது நல்ல முறை, நானும் போடுறனான். ஆனா குட்டி இருக்கேக்க போடவே கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுறன், ஏனெண்டால் நல்ல கொம்பனி எண்டு பேர் எடுத்தவையும் மே மாசத்தில அவசரத்துக்குக் கதவைப் போட்டிட்டுப் போயிருக்கினம். தாய் வெளிய, குட்டி உள்ள, கூண்டு வைச்ச மாதிரியே தான் முடியும். குட்டி இருக்கிற வீட்டில கதவு போடவேணும் எண்டால், முதல்ல ஒராள் அற்றிக்குள்ள ஏறி, தாய் நிக்குதோ எண்டு பாத்து, குட்டியளைக் கையுறை போட்டுக் கையால எடுத்து, எண்ணி, ஒண்டும் சுவருக்குள்ள விழேல்லை எண்டு தேடிப் பாத்து, சூடு குடுக்கிற பெட்டிக்குள்ள போட்டு, அந்தப் பெட்டியைக் கூரையில ஓட்டைக்குப் பக்கத்தில வைக்கவேணும். தாய் வெளிய வந்து அதுகளைக் கண்டு ஒவ்வொண்டாத் தூக்கிக்கொண்டு போகும். அந்த வேலையை நீங்கள் செய்யாதேங்கோ, குட்டி இருக்கிற தாய் முகத்துக்குப் பாயும். ஆளைக் கூப்பிடேக்க ஒரே கேள்வி கேளுங்கோ: "குட்டி இருந்தால் என்ன செய்வீங்கள்?" அவர் இந்தப் பெட்டிக் கதையைச் சொல்லாட்டில் போனை வையுங்கோ.

நீங்கள் ஏற்கனவே சிற்றியின்ர 311 நம்பருக்கு அடிச்சிருப்பீங்கள், என்ன சொல்லியிருப்பினம் எண்டும் எனக்குத் தெரியும். வருத்தம், காயம் இல்லாத ரக்கூன் உங்கட கூரைக்குள்ள இருந்தால் சிற்றி வராது, அது உங்கட பாடு. 2016இல ரக்கூன் திறக்கேலாத கிறீன் பின் (சாப்பாட்டுக் கழிவுத் தொட்டி) எண்டு 31 மில்லியன் டொலர் செலவழிச்ச நகரம் இது, ஆனா அற்றிக்கில குட்டியோட நிக்கிற சனத்துக்கு ஒரு ஆளை அனுப்ப வழியில்லை. சிற்றியைக் கேட்டால் மாகாணச் சட்டம் எண்டும், மாகாணத்தைக் கேட்டால் தனியார் கொம்பனியைப் பிடியுங்கோ எண்டும் சொல்லுவினம், அந்தக் கொம்பனி உண்மையில ரக்கூனை எங்க கொண்டுபோய் விடுகுது எண்டு பின்னால போய்ப் பாக்கிறதுக்கு ஆருமில்லை. இந்த இடைவெளிக்குள்ள தான் கூண்டுக்காரர் பிழைக்கிறார். இன்சூரன்ஸையும் நம்பி இருக்காதேங்கோ, கனக்கப் பொலிசியில ரக்கூன் செய்த சேதத்தை விலக்கித்தான் எழுதியிருக்கும், எண்டாலும் எடுத்து வாசிச்சுப் பாருங்கோ. வாடகை வீடெண்டால் இது வீட்டுச் சொந்தக்காரரின்ர செலவு, எழுத்தில அறிவியுங்கோ.

காசு செலவழிக்கவேண்டிய இடம் ஓட்டையை மூடுற வேலை. 16 கேஜ் தடிப்புள்ள கல்வனைஸ் கம்பி வலை, அரை அங்குலக் கண், ஸ்ரேப்பிள் அடிக்காமல் மரத்தோட சேர்த்து ஸ்குறூ போடவேணும். கீழ்க்கூரை மேல்சுவரோட முட்டுற மூலை, பிளாஸ்ரிக் ரூஃப் வென்ற், சிம்னி, இந்த மூண்டையும் பாக்கச் சொல்லுங்கோ, ஒண்டை மூடினால் மற்றதால வரும். முன்னும் பின்னும் படம் எடுத்துத் தரவேணும், வாறன்ரி முழு வீட்டுக்கோ, மூடின ஓட்டைக்கு மட்டுமோ எண்டு எழுதி வாங்குங்கோ.

மாமியின்ர நப்தலின் உருண்டையை அற்றிக்கில போடாதேங்கோ. அந்த மணம் ரக்கூனுக்குப் பெரிசா ஏறாது, ஆனா புகை சீலிங்கால இறங்கிப் பிள்ளையளின்ர அறைக்குத்தான் வரும். பக்கற்றில எழுதினதுக்கு மாறாப் பாவிக்கிறதும் சட்டப்படி பிழை.

இன்னொண்டு, மீன் செதில், நண்டுக்கோது, இறால் தோல் எல்லாத்தையும் பையில கட்டி பிரீசரில வைச்சு, குப்பை எடுக்கிற காலமை குப்பைத் தொட்டிக்குள்ள போடுங்கோ. சனிக்கிழமை காகத்துக்கு வைக்கிற சோற்றை வேலியில விடாதேங்கோ. விரதத்தை நான் குறை சொல்லேல்லை, நானும் பிடிக்கிறனான், ஆனா இஞ்ச காகம் தின்னாத மிச்சத்தை இரவில தின்னிறது ரக்கூன், அதோட 2023 ஏப்ரலில இருந்து ரொறன்ரோவில சொந்த வளவிலயும் காட்டு மிருகங்களுக்குச் சாப்பாடு வைக்கிறது தடை.

டெக்கில கிடக்கிற மலத்தை இண்டைக்கே எடுங்கோ, பிள்ளையளை அந்தப் பக்கம் விடாதேங்கோ. அதில ஒரு வகை வட்டப்புழுவின்ர முட்டை இருக்கலாம், வாயால உள்ள போனால் மூளை, கண் வரைக்கும் பாதிக்கும். வெளிய வந்து ரெண்டு தொடக்கம் நாலு கிழமைக்குப் பிறகு தான் அந்த முட்டை தொற்றும் நிலைக்கு வரும், அதால புதுசா எடுக்கிறது பாதுகாப்பு. கையுறை, என்95 மாஸ்க், தண்ணி தெளிச்சு நனைச்சு, பழைய சவளால அள்ளி, ரெண்டு பை போட்டுக் கட்டுங்கோ. ப்ளீச் அந்த முட்டையைக் கொல்லாது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி தான் கொல்லும், டெக்கிலயும் சவளிலயும் ஊத்துங்கோ. மண்பெட்டி இருந்தால் பழைய மண்ணை எறிஞ்சு, புதுசு போட்டு, ஒவ்வொரு பின்னேரமும் மூடியைப் போடுங்கோ. ஆரையாவது கடிச்சால், கீறினால், 15 நிமிசம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அண்டைக்கே டொக்ரரிட்டப் போங்கோ.