கையெழுத்துப் போட்டாச்சு, இனி வழக்குப் போட முடியாதா?

கேள்வி: எனக்குப் பாலக்கோடு பக்கம். வேலை ஓசூரில். தம்பி கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் மூக்கை எடுப்பாக்க ஃபில்லர் (தோலுக்கடியில் செலுத்தி மேடாக்கும் ஜெல்) ஊசி போட்டுக்கொண்டேன். ஜிபேயில் 22,000 ரூபாய் கட்டினேன், பில் தரவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் மூக்கு நுனி வெளுத்து, தாங்க முடியாத வலி. போன் செய்தால் "ஐஸ் வைங்க, சரியாயிடும்" என்றார்கள். மறுநாள் கருநீலமாகிவிட்டது. பெங்களூரு மருத்துவமனையில் மருந்து செலுத்தி ஃபில்லரைக் கரைத்தும் தழும்பு நின்றுவிட்டது. ஐந்து மாதம் ஆகிறது. கிளினிக்கில் கேட்டால், "எல்லாத்துக்கும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்கிறார்கள். வழக்குப் போடலாமா? தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். அவள் முகத்துக்கு லேசர் செய்ய வேண்டும் என்கிறாள். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பதில்: போடலாம், சகோதரி. அந்தக் கையெழுத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்து ஒப்புக்கொள்வதற்குத்தான் சம்மதப் படிவம். அவர்கள் கவனக்குறைவாக இருந்துகொள்ள நீங்கள் அதில் அனுமதி தரவில்லை. அதோடு, என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆகலாம் என்பதை உங்களுக்குப் புரிய வைத்த பிறகு வாங்கியதே செல்லுபடியாகும் சம்மதம் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு பக்கத்தை நீட்டி "இங்க போடுங்க" என்று வாங்கியிருந்தால், அதன் மதிப்பு கொஞ்சம்தான்.

ஆனால் உங்கள் வழக்கின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபில்லர் ரத்தக் குழாயை அடைப்பது நல்ல கைக்காரருக்கும் நேரக்கூடியது. மூக்கு அதற்குப் பேர்போன இடம். அதனால் "அடைத்துக்கொண்டது" என்பதை மட்டும் வைத்துக் கவனக்குறைவை நிரூபிப்பது கடினம். தோல் வெளுத்து, கடுமையாக வலிக்கிறது என்று நீங்கள் போனில் சொன்ன பிறகும் வரச் சொல்லாமல் ஐஸ் வைக்கச் சொன்னார்களே, அங்கேதான் பிடி. ஐஸ் வைத்தால் ரத்தக் குழாய் இன்னும் சுருங்கும். ஹையலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹையலுரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது, அதைச் சில மணி நேரத்துக்குள் கொடுப்பதுதான் முக்கியம். எனவே போன் அழைப்புப் பதிவு, வாட்ஸ்அப், தேதியோடு எடுத்த படங்கள், பெங்களூரு டிஸ்சார்ஜ் சம்மரி இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பில் இல்லாததற்கு ஜிபே பதிவே போதும்.

இந்த வாரமே கிளினிக்குக்குப் பதிவுத் தபாலில் எழுதி உங்கள் சிகிச்சைப் பதிவுகளைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. ஃபில்லர் பெயர், அதன் லாட் நம்பர் (டப்பாவில் இருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்), ஊசி போட்டவரின் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடுங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவரெல்லாம் டாக்டர் இல்லை. பதிவு பெறாதவர் என்று தெரிந்தால், தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கிருஷ்ணகிரி மாவட்ட மருத்துவ, ஊரக நலப் பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு புகார் கொடுங்கள். பதிவு பெற்ற மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம்.

போலீஸ்? முகம் நிரந்தரமாக உருக்குலைவது சட்டப்படி கொடுங்காயம்தான். ஆனாலும் மருத்துவர் மீது குற்ற வழக்கு என்றால் மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும், வேறொரு மருத்துவரின் கருத்தையும் வாங்க வேண்டும் என்று 2005இலேயே ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊசி போட்டவர் டாக்டராக இருந்தால் அந்த வழியில் அலைய நான் சொல்லமாட்டேன்.

நுகர்வோர் ஆணையம்தான் உங்களுக்குச் சரியான இடம். கிளினிக் ஓசூரில் இருக்கிறது என்பதற்காகக் கிருஷ்ணகிரிக்கு நடக்க வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் தர்மபுரி மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். தாக்கல் கட்டணம் நீங்கள் கிளினிக்கில் கட்டிய 22,000 ரூபாயை வைத்துத்தான் கணக்கு. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, இழப்பீடு எவ்வளவு கேட்டாலும் சரி. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை (வக்கீலான நானே இதைச் சொல்கிறேன்!). வைத்துக்கொள்ள நினைத்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. நடுவில் கிளினிக்காரர்கள் 22,000ஐத் திருப்பித் தந்து "முழுத் திருப்தி" என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். அதில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தங்கை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் லேசர் வேண்டவே வேண்டாம், செய்வதானால் சில மாதம் முன்பே. நம் நிறத்துக்குத் தவறான அளவில் லேசர் பட்டால் தோல் வெந்து கருத்துவிடும். வெயில் பட்டுக் கருத்த முகமென்றால் இன்னும் ஆபத்து. முதலில் காதோரம் சிறு இடத்தில் சோதித்துக் காட்டச் சொல்லட்டும். பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா, உதட்டில் அக்கி வந்ததுண்டா என்பதையெல்லாம் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். லேசரை யார் கையால் செய்வார்கள், டாக்டரா உதவியாளரா என்று முன்கூட்டியே கேட்கட்டும். பதிவு எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடட்டும். ஊசி எதையாவது சேர்த்துப் பேசினால், டப்பாவைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, காலாவதித் தேதியைப் பார்த்துப் படம் எடுக்கட்டும். ஃபில்லர் என்றால் கரைக்கும் மருந்து அங்கேயே இருக்கிறதா என்றும் கேட்கட்டும். ஊசிக்குப் பிறகு தோல் வெளுத்தாலோ, வலை போல நீலம் படர்ந்தாலோ, பார்வை மங்கினாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். சம்மதப் படிவத்தைத் தமிழில் கேட்கச் சொல்லுங்கள். படித்துக் கையெழுத்திட்டால், ஒரு நகலைக் கையோடு வாங்கி வரட்டும்.