மிச்ச வயரும் துண்டு உலோகமும்: எதை வைப்பது, எதைப் போடுவது?

வயரிங் வேலை முடிந்ததும் ஒரு சாக்கு நிறையத் துண்டு வயர் மிஞ்சிவிட்டது. எதை எடுத்து வைக்கலாம்?

முதலில் நீளத்தைப் பாருங்கள். குழாய்க்குள் ஒட்டுப்போட்டு வயர் இழுக்கக் கூடாது. அதனால் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து விளக்குவரை ஒரே துண்டாகப் போகாத வயருக்குப் பெரிய உபயோகம் கிடையாது. நான் மூன்று மீட்டருக்கு மேல் இருந்தால்தான் வைப்பேன். சுருட்டி, எத்தனை ஸ்கொயர் எம்எம் (கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது தடிமன் அளவு), எத்தனை மீட்டர் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். சீட்டில்லாத சுருளை ஆறு மாதம் கழித்து நீங்களே நம்ப மாட்டீர்கள். சாண் அளவுத் துண்டுகளில் ஒரு கைப்பிடி போதும். ஒரு ஸ்விட்சிலிருந்து அடுத்த ஸ்விட்சுக்கு இணைப்பு (லூப்) கொடுக்க ஆகும்.

மீதியைப் போட மனசு வராது, தெரியும். நானே ஒரு தகர டப்பாவை எட்டு வருஷம் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் மீட்டருக்குச் சுமார் 13 கிராம் செம்புதான். ஒரு கிலோ சேர 75 மீட்டர் வேண்டும். கடைசியில் எடைபோட்டபோது என் டப்பாவில் அரைக் கிலோகூடத் தேறவில்லை.

சுவரிலிருந்து கழற்றிய பழைய வயரைத் திரும்பப் போடலாமா?

விரலில் சுற்றிப் பாருங்கள். மேலுறை வெடித்தால் கழிவு. முனையை உரித்துப் பார்க்கும்போது செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தாலும் அப்படியே. நன்றாக இருந்தாலும் சுவருக்குள் மறுபடி வேண்டாம்.

எரித்துச் செம்பை எடுத்தால் கூடுதல் விலை கிடைக்குமாமே?

கிடைக்காது. தீயில் போட்ட செம்பு கறுத்து, தரம் இறங்கிவிடும். அதைவிடப் பெரிய விஷயம் புகை. வயரின் மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயு வரும், டையாக்சின் என்ற நச்சும் உண்டாகும். செம்பு கூட இருந்தால் டையாக்சின் உருவாவது இன்னும் சுலபம். தடித்த வயரைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். மெல்லிய பல இழை வயரை உரிக்க உட்கார்ந்தால் விரல் தேய்வதுதான் மிச்சம், உறையோடே கொடுத்துவிடலாம்.

செம்பு நிறத்தில் ஒரு கேபிள் கிடைத்தது. கையில் எடுத்தால் லேசாக இருக்கிறதே?

சந்தேகம் சரிதான். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியாக இருக்கலாம். ஒரு இழையைப் பிளேடால் அழுத்திச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். செம்பின் அடர்த்தி கிட்டத்தட்ட 9, அலுமினியம் 2.7. கை சொன்னது பொய்யில்லை. வீட்டு மின்சார வேலைக்கு இதை வைக்காதீர்கள், எடைக்குப் போடும்போது செம்போடு கலக்கவும் செய்யாதீர்கள். நேர் எதிரான கூத்தும் உண்டு: வெளியே வெள்ளி மாதிரி மின்னும், சுரண்டினால் செம்பு வரும். அது வெள்ளீயம் பூசியது, நல்ல சரக்கு.

எரிந்த மோட்டாரின் கம்பியை வைத்தே திரும்ப வைண்டிங் செய்ய முடியுமா?

முடியாது. கம்பி மேலுள்ள எனாமல் பூச்சுதான் அதன் காப்பு. எரிந்ததில் அது போயிருக்கும், பிரித்து இழுக்கையில் மிச்சமும் உதிரும். எடைக்குப் போடுங்கள்.

ஆணி, பித்தளைத் துண்டு, அலுமினியச் சட்டம் எல்லாம் ஒரே டப்பாவில். எப்படிப் பிரிப்பது?

காந்தம் ஒன்று போதும், முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாததில் மஞ்சள் பித்தளை, லேசானது அலுமினியம், கனமாக மின்னுவது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பித்தளை என்று நினைத்தது காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் அது முலாம் பூசிய இரும்பு, வருத்தப்படாதீர்கள். அலுமினியச் சட்டத்தில் இரும்புத் திருகு இருந்தால் கழற்றிவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் கலப்புச் சரக்கு என்று விலையைக் குறைப்பார்கள். அலுமினியத்தை மட்டும் குப்பையில் போடாதீர்கள். தாதுவிலிருந்து எடுக்க ஆகும் மின்சக்தியில் சுமார் 5 சதவீதம் இருந்தாலே அதை மறுபடி உருக்கிவிடலாம்.

அப்புறம், அந்த டப்பாவில் பழைய பேட்டரி ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். அதைத் தனியாக எடுத்து, முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.