பாசி எடுக்கும் பெண்களும் வெளிநாட்டுப் பணமும்

அன்புள்ள அக்கா,

சுனாமிக்கு அப்புறம் எங்கள் பக்கம் வெளிநாட்டுப் பணம் நிறைய வந்தது. பெண்கள் முன்னேற்றம் என்று பேனர் கட்டிக் கூட்டம் போட்டார்கள், தையல் மெஷின் கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். என் அம்மா இன்றும் கடல்பாசி எடுக்கத்தான் போகிறார். அமெரிக்கா உதவியை நிறுத்தியதற்கு நீங்கள் ஏன் இவ்வளவு வருந்துகிறீர்கள்? நம் பெண்களை நம் அரசு பார்த்துக்கொள்ளாதா?

ஒரு வாசகர், பாம்பன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப்பாசிக்கும் மூச்சடக்கி முங்குகிற பெண்ணிடம் போய்த் தையல் கற்றுக்கொள்ளச் சொன்னால், அவர் செய்வதைத் தொழிலாகவே மதிக்கவில்லை என்றுதான் ஆகிறது. உங்கள் அம்மாவுக்கு வேண்டியிருந்தது வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதுவரை பாசி எடுத்துவந்த இடத்துக்குப் போவதே குற்றமாகிவிட்டது. வனத்துறையிடம் பேச ஆள் வேண்டும், ஒரு சங்கம் வேண்டும், வியாபாரியிடம் நல்ல விலை கேட்கிற பலம் வேண்டும். இதெல்லாம் போட்டோவில் விழாது, அதனால் திட்ட அறிக்கையிலும் பெரும்பாலும் வராது.

ஆனால் அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்குப் போவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி எடுக்கும் பெண்களை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காக்கும் அமெரிக்க அமைப்பு தரும் சீகாலஜி விருது கிடைத்தது அந்த உழைப்புக்காகத்தான். எந்தப் பயிற்சி முகாமும் அவர்களுக்குக் கடலைக் கற்றுக்கொடுக்கவில்லை.

அரசு பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கிறீர்கள். பார்த்துக்கொள்ளும். ஆனால் இன்று ஊர் ஊராக இருக்கிற மகளிர் குழு எங்கிருந்து வந்தது? 1989இல் தருமபுரி மாவட்டத்தில், ரோமில் உள்ள ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. அதுவும் இனாம் இல்லை, கடன். அது பலன் தந்ததால்தான் 1997இல் தமிழக அரசு மகளிர் திட்டமாக அதை மாநிலம் முழுக்க எடுத்துச் சென்றது. வெளிப்பணத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பது இந்த இடத்தில்தான்: அரசு துணியாததை முதலில் செய்து காட்டுவது.

நம்மால் சமாளிக்க முடியும். எல்லா நாடுகளாலும் முடியாது. பெண்களின் ரத்தசோகை, பிரசவம், கணவன் அடிப்பது என்று வீடு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கெடுப்பு, ஏழை நாடுகள் பலவற்றில் அமெரிக்க நிதியில்தான் நடந்தது. நம் தேசியக் குடும்ப நல ஆய்வுக்கும் 1992இல் அந்த நிதி வந்தது. 2025 தொடக்கத்தில் அந்தக் கணக்கெடுப்புகளுக்கான நிதியைச் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். கணக்கே எடுக்காத அடியை எந்த அரசு தடுக்கும்? என் வருத்தம் அதற்குத்தான்.

இன்னொன்று. பணக்கார நாடுகள் நேரடியாகத் தரும் உதவியில் பெண் சமத்துவத்தையே முதல் நோக்கமாகக் கொண்டது நூற்றுக்கு நான்கைந்துதான். மீதியில் பெண் ஓரத்தில் ஒரு வரி. நீங்கள் பார்த்த தையல் மெஷின் அந்த ஓரத்து வரியில் வந்ததாகத்தான் இருக்கும்.

அந்தச் சிறிய பங்கும் பாசிச் சங்கம் போன்ற ஒன்றுக்கு வந்துசேர இப்போது வழி குறைவு. வெளிநாட்டு நன்கொடை பெறுவது பற்றிய நம் நாட்டுச் சட்டத்தை 2020இல் திருத்திய பிறகு, வெளிநாட்டு நிதி பெறும் பெரிய தொண்டு நிறுவனம் அதைச் சின்னச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நேரடியாக வாங்கப் பதிவு செய்யலாமென்றால், மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவழித்த கணக்குக் காட்ட வேண்டும். பாசி விற்றுப் பிழைக்கிறவர்கள் அதற்கு எங்கே போவார்கள்? அமெரிக்கா நிறுத்தியது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த விதியைத் தளர்த்தச் சொல்லி நாமே டெல்லியிடம் கேட்கலாம். உங்கள் அம்மாவின் சங்கம் மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.