பச்சகூட்டியின் மலைகள்: உணவு குவிந்தும் நகரம் வளராதது ஏன்?

கொட்டகலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அண்ணா, சிவிலைசேஷன் 6 என்னும் கணினி வியூக விளையாட்டில் இன்காக்களின் தலைவர் பச்சகூட்டியை எடுத்து விளையாடுகிறேன். சுற்றிலும் மலை, உணவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் நகரங்களின் மக்கள்தொகை ஏழு, எட்டைத் தாண்ட மறுக்கிறது. அவருடைய தலைமைப் பண்பை நான் சரியாகப் பயன்படுத்தவில்லையா?”

தம்பி, உங்கள் நகரங்களில் ஆட்கள் குடியிருக்க இடம் போதவில்லை. வசிப்பிட எண்ணிக்கை மக்கள்தொகையைவிட ஒன்றே ஒன்று அதிகமாக இருக்கும் நிலைக்கு வந்ததும் வளர்ச்சி பாதியாகிவிடும். இரண்டும் சமமானால் கால் பங்குதான் மிஞ்சும். மக்கள்தொகை வசிப்பிடத்தைவிட ஐந்து கூடிவிட்டால் வளர்ச்சி அடியோடு நின்றுவிடும். அதன்பின் உணவைக் கொட்டிக் குவித்தும் பயனில்லை. முதலில் ஒவ்வொரு நகரத்தையும் திறந்து அந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.

இதற்கு மருந்து மலையிலேயே இருக்கிறது. பொறியியல் தொழில்நுட்பம் கிடைத்ததும் நீர்க்கால்வாய் கட்டலாம். அது நகர மையத்தை ஒட்டியும், ஆறு, ஏரி, பாலைவனச் சுனை, மலை இவற்றில் ஒன்றை ஒட்டியும் இருக்க வேண்டும். மலையும் பட்டியலில் இருப்பதுதான் உங்களுக்கு வாய்ப்பு. ஆறே இல்லாத மலையடி நகரத்துக்குத் தண்ணீரால் கிடைக்கும் வசிப்பிடம் இரண்டிலிருந்து ஆறாக உயரும். ஏற்கெனவே நன்னீர் உள்ள நகரத்துக்கு இரண்டு கூடும். மக்கள்தொகைக்கு இத்தனை மாவட்டம் (நகரைச் சுற்றிக் கட்டும் சிறப்புப் பகுதி) என்ற வரம்பில் கால்வாய் சேராது என்பதால் தயங்கவே வேண்டாம். களஞ்சியம் இன்னும் இரண்டு வசிப்பிடம் தரும். அதைத் தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள்.

இனி தலைமைப் பண்புக்கு வருவோம். பச்சகூட்டியின் உள்நாட்டு வணிகப் பாதை ஒவ்வொன்றுக்கும், அது புறப்படும் நகரத்திலுள்ள மலைக் கட்டம் ஒன்றுக்கு ஓர் உணவு கூடுதலாகக் கிடைக்கும். அந்த உணவு சேர்வதும் புறப்பட்ட நகரத்துக்கே. பலரும் பழக்கத்தில் வணிகர்களையெல்லாம் தலைநகரத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே இடநெருக்கடியில் தவிக்கும் நகரத்துக்கு மேலும் உணவு எதற்கு? மலை சூழ்ந்த இடத்தில் புதிதாக நிறுவிய குட்டி நகரத்துக்கு வணிகரை இடம் மாற்றி, அங்கிருந்து பாதையைத் தொடங்குங்கள். ஆறு மலை இருந்தால் ஆறு உணவு. பிறந்த சில சுற்றுகளிலேயே அந்த ஊர் எழுந்து நிற்கும். எல்லைக்கு வெளியே உள்ள மலை கணக்கில் வராது. ஆகவே கையில் தங்கம் இருக்கும்போது மலைக் கட்டத்தை விலைகொடுத்து வாங்குங்கள். மலையில் ஆள் வைத்து வேலை வாங்கும் உரிமை இன்காக்களுக்கு மட்டுமே உண்டு. கட்டம் ஒன்றுக்கு இரண்டு உற்பத்தி கிடைக்கும். அது வீண் செலவாகாது.

இன்காக்களின் டெரஸ் பார்ம் என்னும் படிக்கட்டு வயலையும் இதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். புல்வெளிக் குன்று ஒன்று மூன்று மலைகளைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்றின் சொந்த உணவு இரண்டு, வயலுக்கு ஒன்று, மலைகளுக்கு மூன்று, ஆக ஆறு. பதிலுக்கு அந்த மூன்று மலைகளும் ஆளுக்கோர் உணவு பெறும். வயல் ஒவ்வொன்றும் அரை வசிப்பிடமும் தரும். பக்கத்தில் நீர்க்கால்வாய் இருந்தால் வயலின் உற்பத்தியும் கூடும். அதனால்தான் கால்வாய்க்கான கட்டத்தை நகரம் அமைக்கும் நாளிலேயே ஒதுக்கிவைக்கச் சொல்வேன்.

மலையோரக் கட்டத்துக்குக் கேம்பஸ் என்னும் கல்வி மாவட்டமும் போட்டிக்கு வரும். ஒட்டியுள்ள மலை ஒன்றுக்கு ஓர் அறிவியல் புள்ளி அதற்கு. என் தீர்ப்பு இது: மலையடிச் சமவெளியைக் கேம்பஸுக்குக் கொடுங்கள், குன்றுகளை வயலுக்கு விடுங்கள். சமவெளியில் படிக்கட்டு வயல் போட முடியாது.

பண்பின் இன்னொரு பாதி கபாக் நியான் மலைப்பாதை. வெளிநாட்டு வணிகம் என்ற குடிமையியல் முன்னேற்றத்தோடு இது திறக்கும். மற்ற நாகரிகங்கள் மலைச் சுரங்கம் தோண்டப் படைப் பொறியாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும். உங்களுக்குச் சாதாரண வேலையாள் போதும். ஹட்டனில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழையும் ரயில் உங்கள் கொட்டகலைப் பக்கம் வெளியே வருவதுபோல, படை ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளிப்படும். ஒரே மலைத்தொடரில் இரண்டு வாயில்கள் இருந்தாக வேண்டும்; ஒன்றை மட்டும் கட்டினால் வேலையாளின் உழைப்பு வீண். தலைநகரத்தருகே ஒன்று, அடுத்த நகரம் அமையப்போகும் சரிவில் ஒன்று என்று கட்டுங்கள். நகர் அமைக்கப் புறப்படும் குடியேறிகள் மலையைச் சுற்றி அலைய வேண்டியதில்லை.

மச்சு பிச்சு என்னும் உலக அதிசயக் கட்டடமும் பொறியியலோடுதான் வரும். தொழில், வணிக, கலை மாவட்டங்களை மலையோரம் அமைத்திருந்தால் மட்டும் அதைக் கட்டுங்கள். இப்போதைய உங்கள் ஆட்டத்தில் கால்வாய்தான் முந்த வேண்டும்.