அங்கே காற்றுக்குழாய் முகக்கவசம், இங்கே சாதாரண மாஸ்க்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் தொழிற்சாலையில் ஸ்ப்ரே பெயிண்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். பெயிண்டையும் ஹார்டனரையும் கலந்து அடிக்கும் வேலை. தாய் நிறுவனம் இருக்கும் நாட்டு ஆலைக்குப் பயிற்சிக்குப் போய்வந்த சக ஊழியர், அங்கே இதே பெயிண்டை அடிப்பவர்களுக்குக் குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகக்கவசம் கொடுப்பதாகவும், முறையாக நுரையீரல் பரிசோதனை செய்வதாகவும் சொன்னார். எங்களுக்குச் சாதாரண மாஸ்க்தான். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அதுவும் கிடையாது. கேட்டால், "இந்த நாட்டுச் சட்டம் சொல்வதைச் செய்கிறோம்" என்கிறது நிர்வாகம். சில மாதங்களாக எனக்கு இரவில் இருமலும் இளைப்பும் இருக்கிறது. ஒரே நிறுவனம், ஒரே வேலை, இரண்டு விதமான பாதுகாப்பு. இது சட்டப்படி சரியா? புகார் செய்தால் வேலை போய்விடுமா?

பதில்: சட்டத்துக்கு முன்னால் உங்கள் உடம்பைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இந்த வகை ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு நன்றாகத் தெரிந்த காரணங்களில் அது ஒன்று. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அப்புறம் மிகக் குறைந்த அளவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரப் போதும். அபாயமான அளவில் இருந்தாலும் மூக்குக்கு வாடை தெரியாமல் போகலாம். அதனால்தான் அங்கே வெளிக்காற்று முகக்கவசம் கொடுக்கிறார்கள். உடனே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். என்ன பொருளோடு வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் மூச்சின் அளவு மாறுகிறதா என்று பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். சட்டத்துக்கும் இந்தத் தாள்கள் முக்கியம். பல நாடுகளில், நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து வழக்குக்கான காலக்கெடு ஓடத் தொடங்கிவிடும்.

இனி உங்கள் முதல் கேள்வி. நாட்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆகவே பெரும்பாலான நாடுகளுக்குப் பொருந்துவதைச் சொல்கிறேன். இரண்டு நாடுகளில் இரண்டு விதமான பாதுகாப்பு என்பது, அந்த அளவில் மட்டும், பொதுவாகக் குற்றமாகாது. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டம் அந்தந்த நாட்டின் எல்லைக்குள்தான் செல்லும். "அங்கே கொடுப்பதை இங்கேயும் கொடு" என்பதை மட்டுமே வாதமாக வைத்தால் வழக்கு முதல் படியிலேயே தடுக்கி விழும். கேட்கவே மனம் கொதிக்கும் நிலைமைதான், ஆனாலும் அந்த இடத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

அந்த வேறுபாட்டைச் சாட்சியமாக எடுத்து வையுங்கள். தனித்தனி விதிகள் என்ன சொன்னாலும், பெரும்பாலான நாட்டுச் சட்டங்களில் முதலாளிக்கு ஒரு பொதுக் கடமை உண்டு: தெரிந்த ஆபத்திலிருந்து தொழிலாளரைக் காக்க நடைமுறையில் செய்யக்கூடியதைச் செய்ய வேண்டும். வழக்கு என்று வந்தால் இரண்டு விஷயங்கள்தான் சூடாக விவாதிக்கப்படும். ஆபத்து முதலாளிக்குத் தெரியுமா? தடுக்க வழி இருந்ததா? தெரியாது, முடியாது, செலவு அதிகம் என்பவை நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள். உங்கள் நிறுவனம் அவற்றைச் சொல்ல முடியாது. தெரிந்ததால்தான் அங்கே கொடுத்திருக்கிறது, முடிந்ததால்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. "சட்டம் சொல்வதைச் செய்கிறோம்" என்ற பதில் குறைந்தபட்ச விதியைப் பற்றியது. பொதுக் கடமை அதற்கும் மேலே நிற்கிறது.

இதற்கு ஆதாரம் உங்கள் பணியிடத்திலேயே இருக்கலாம். ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 16 பகுதிகள் இருக்கும். 8-வது பகுதி, என்ன மாதிரியான காற்றோட்டமும் முகக்கவசமும் வேண்டும் என்று சொல்லும். உற்பத்தியாளரே எழுதியது அது. அந்தத் தாளில் சொல்லியிருப்பதையும் உங்களுக்குக் கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்ததாக, அந்த வெளிநாட்டு ஆலையில் கடைப்பிடிக்கும் தரத்தை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1977-இல் பன்னாட்டு நிறுவனங்களுக்காக ஒரு பிரகடனம் வெளியிட்டது. நிறுவனம் முழுவதிலும் கிடைத்த அனுபவத்தைக் கணக்கில் கொண்டு மிக உயர்ந்த பாதுகாப்புத் தரத்தைப் பேண வேண்டும் என்கிறது அது. மற்ற நாடுகளில் தாங்கள் பின்பற்றும், உங்கள் ஆலைக்குப் பொருந்தக்கூடிய தரங்களைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் கேட்கும் விஷயம் அப்படியே அதில் இருக்கிறது. நீதிமன்றம் நேரடியாக நிறைவேற்றும் சட்டம் அல்ல அது. ஆனாலும் சங்கமோ பாதுகாப்புக் குழுவோ அதைச் சுட்டிக் கடிதம் கொடுத்தால், பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கடிதம் ஆவணம். இனி நிர்வாகம் "எங்கள் கவனத்துக்கு வரவில்லை" என்று சொல்ல முடியாது.

தாய் நிறுவனத்தின் மேலேயே வழக்குப் போட முடியுமா? கடினம், ஆனால் கதவு மூடியில்லை. தாய் நிறுவனமும் துணை நிறுவனமும் சட்டத்தின் பார்வையில் தனித்தனி நபர்கள். பங்குகளை வைத்திருப்பதால் மட்டும் பொறுப்பு வந்துவிடாது. ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் தாய் நிறுவனம் தலையிட்டு வந்திருந்தால் நிலைமை மாறும். 2012-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாண்ட்லர் எதிர் கேப் வழக்கில், துணை நிறுவனத்தின் தொழிலாளிக்கு ஆஸ்பெஸ்டாஸால் வந்த நோய்க்குத் தாய் நிறுவனமே பொறுப்பு என்றது. ஒரே வகைத் தொழில், தாய் நிறுவனத்துக்குக் கூடுதல் அறிவு, வேலைமுறை பாதுகாப்பற்றது என்று அதற்குத் தெரிந்திருந்தது, துணை நிறுவனம் அந்த அறிவை நம்பியிருக்கும் என்பதும் தெரிந்திருந்தது: இவைதான் அங்கே எடைபோடப்பட்டவை. உங்கள் விவரத்தை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2019-இல் வேதாந்தா நிறுவனம் பற்றிய ஜாம்பிய கிராம மக்களின் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. துணை நிறுவனங்களைக் கண்காணிப்பதாகத் தாய் நிறுவனம் வெளியுலகுக்குச் சொல்லிக்கொண்டால், அதைச் செய்யத் தவறியதே பொறுப்பைக் கொண்டுவரலாம் என்றது. எனவே உங்கள் நிறுவனத்தின் உலகளாவிய பாதுகாப்புக் கொள்கை இணையதளத்தில் இருந்தால், இன்றே தேதியோடு சேமித்து வையுங்கள்.

இந்த வழி சில நாடுகளில் அவசியமாகவும் ஆகிவிடுகிறது. வேலையால் வந்த நோய்க்கு இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது என்பதால், சொந்த முதலாளி மேல் தனி வழக்குப் போடச் சட்டமே தடை விதிக்கும். தென்னாப்பிரிக்காவில் பாதரசத்தால் பாதிக்கப்பட்ட தோர் கெமிக்கல்ஸ் தொழிலாளர்கள் அதனால்தான் பிரிட்டனில் இருந்த தாய் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்து, 1997-இல் சமரசத் தொகை பெற்றார்கள். எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் மேல் தொடுத்த போபால் விஷவாயு வழக்கை 1986-இல் நியூயார்க் நீதிமன்றம், இந்தியாவில்தான் விசாரிக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டது. 1989-இல் 47 கோடி டாலரில் முடிந்த சமரசம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்றுவரை ஆறாத காயம்.

ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த வழிகாட்டுதல்களை ஏற்ற நாட்டைச் சேர்ந்ததாகத் தாய் நிறுவனம் இருந்தால், இத்தகைய புகார்களைக் கேட்க அந்நாட்டு அரசு வைத்திருக்கும் தேசியத் தொடர்பு மையத்தில் சங்கமே புகார் செய்யலாம். அது இழப்பீடு வழங்காது, சமரசம் பேசவைக்கும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் பெரிய நிறுவனங்களை இன்னும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் உண்டு.

வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155-வது உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகி நிற்பவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2022-இல் அந்த உடன்படிக்கை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இந்த உரிமை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். கோபத்தில் ஆலையை விட்டு வெளியே போகாதீர்கள். மேற்பார்வையாளரிடம் காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு, வேறு வேலை தரச் சொல்லி அங்கேயே இருங்கள். புகாரை ஒருவர் பெயரில் கொடுக்காமல் பலர் கையெழுத்தோடு கொடுங்கள். அந்த ஆலையைப் பார்த்த உங்கள் நண்பர் என்ன பார்த்தார், எப்போது பார்த்தார் என்பதை நினைவு மங்கும் முன் எழுதிவைக்கட்டும். ரகசிய ஆவணங்களை எடுத்துவர வேண்டாம், அது உங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களை இந்தக் கடிதத்தில் விட்டுவிடாதீர்கள். ஒரே இடத்தில் பல நிறுவனங்கள் வேலை செய்தால் பாதுகாப்புக்கு அவை ஒத்துழைக்க வேண்டும் என்கிறது அதே உடன்படிக்கை. பாதுகாப்புச் செலவைத் தொழிலாளர் தலையில் கட்டக் கூடாது என்றும் சொல்கிறது. நான் இந்த வழக்கை எடுத்திருந்தால் அவர்கள் நிலைமையைத்தான் முதலில் எழுதியிருப்பேன்.

கடிதம் போனதும் நிர்வாகம் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். தானாக விலகுவதாகவோ, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்றோ எழுதிய தாளை நீட்டினால், மருத்துவ அறிக்கை கைக்கு வந்து ஒரு வழக்கறிஞர் அதைப் படித்துப் பார்க்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.