வலியே இல்லாமல் வரும் மஞ்சள் காமாலை புற்றுநோயாக இருக்குமா? கிளாட்ஸ்கின் கட்டி என்கிறார்களே, அது என்ன?

இருக்கலாம். எல்லாக் காமாலையும் அப்படி இல்லை. ஆனால் வயதானவருக்கு வலியில்லாமல் வந்து, உடம்பும் அரித்து, மலமும் வெளுத்துப்போனால் முதலில் ஸ்கேன் எடுங்கள். நான் மருத்துவர் இல்லை, பெரியப்பாவுக்கு வந்ததில் தெரிந்துகொண்டது இவ்வளவும்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தை மாசம், சம்பா அறுப்பு. உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார், வைக்கோல் சுணைதான் என்று விட்டுவிட்டோம். ராத்திரி தூங்காமல் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அப்புறம்தான் கண் மஞ்சளானது, சிறுநீர் கட்டங்காப்பி நிறம், மலம் களிமண் மாதிரி. பெரியம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார், உப்பில்லாப் பத்தியம் வேறு. மூன்று வாரம் போய்விட்டது. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்ததற்கும் பத்தியத்தையே காரணம் சொன்னோம். (ஏ வகை வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும், பேர் மட்டும் கீழாநெல்லிக்கு!)

ஈரலின் வலப்பக்கத்திலிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் வருகிற இரண்டு பித்தநாளங்கள் ஒன்றாகக் கூடும் இடத்தில் வரும் புற்றுதான் கிளாட்ஸ்கின் கட்டி. ஜெரால்ட் கிளாட்ஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவர் 1965இல் 13 நோயாளிகளை வைத்து இதை விவரித்ததால் அந்தப் பெயர். நம்மூர்க்காரருக்குச் சொல்வதென்றால், இரண்டு வடிகால் சேருகிற முனையில் அடைத்துக்கொண்டால் மேலே வயலெல்லாம் தண்ணீர் நிற்கும், கீழே வாய்க்கால் காய்ந்து கிடக்கும், அதேதான். ஸ்கேனில் ஈரலுக்குள் நாளங்கள் வீங்கியிருக்கும், பித்தப்பையோ சுருங்கிக் கிடக்கும். கட்டி கீழே, கணையத்துப் பக்கம் இருந்தால் பித்தப்பை உப்பியிருக்கும். தஞ்சாவூரில் டாக்டர் அந்தச் சுருங்கிய பையைக் காட்டித்தான் அடைப்பு மேலே என்றார். ஒரு பக்க நாளம் மட்டும் அடைத்தால் காமாலையே தெரியாமல் அந்தப் பக்க ஈரல் சிறுத்துப்போவதும் உண்டாம். பித்தம் தேங்கிய இடத்தில் கிருமி சேர்ந்தால் குளிர்க்காய்ச்சல் வரும். புற்று இருக்குமோ என்று பார்க்க சிஏ 19-9 என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்வார்கள், வெறும் அடைப்பிலேயே அதுவும் ஏறும், அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இடத்தைச் சரியாகக் காட்டுவது எம்ஆர்சிபி, அதாவது பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன்.

குணமாக வழி என்றால் அறுவைதான், பெரும்பாலும் ஈரலில் ஒரு பகுதியையும் சேர்த்து எடுப்பார்கள். பெரியப்பாவுக்கு இரண்டு பக்கக் கிளைகளிலும் உள்ளே வரை போயிருந்ததால் முடியாது என்றுவிட்டார்கள். விலா ஓரமாகத் தோல் வழியே ஈரலுக்குக் குழாய் போட்டு, பித்தத்தை வெளியே ஒரு பையில் இறக்கினார்கள். நாலைந்து நாளில் அரிப்பு அடங்கியது. இரண்டு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் விடிகிற வரை தூங்கினார்.

பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் இதே மஞ்சள், இதே வெளுத்த மலம் வரும். அதில் பெரும்பாலும் வலி இருக்கும், அந்தக் கல்லை எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுத்துவிடலாம். எது என்று ஸ்கேன் சொல்லட்டும்.